அம்புரோஸ் கிராணியின் இஞ்சின் பட்டியல்

மாடில்டாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அம்புரோஸ் கிராணி உறுதியாக முடிவெடுத்தார். முடிவெடுத்துப் பதினோரு நாள் ஆகிறது.

இந்தப் பதினோரு நாளும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. காலையில் பசியாறும்போது சொல்லப் பார்த்தார். தோசை சூடாக இருந்தது, ஆறட்டும் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் சொல்லப் பார்த்தார். மாடில்டா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூருக்குப் பூசைக்குப் போகும் லோரியில் சொல்லப் பார்த்தார். லோரி குலுக்கிய குலுக்கலில் வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மனுஷன் உண்மை பேசுவதற்குத்தான் எத்தனை இடைஞ்சல்கள்.

விஷயம் இதுதான். சுங்கை மெலாத்தி ரப்பர் தோட்டத்துத் துரை அடுத்த மாதம் லீவில் மனைவியோடு சீமைக்குக் கப்பலேறுகிறார். ஆறு மாதம் கழித்துத்தான் திரும்புவார். போகிற மனுஷர் போகாமல், ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியான அம்புரோஸைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"அம்புரோஸ், நாலு வருஷமாகக் கலகக்காரர்கள் காட்டுக்குள்ளிருந்து சுடுகிறார்கள், லோரியைக் கொளுத்துகிறார்கள். ஆனாலும் நீ ஒரு நாள்கூட ஆபீசை மூடவில்லை. சீமையிலிருந்து உனக்கு ஒரு சாமான் கொண்டுவருகிறேன். ஒன்றே ஒன்று. உன் வீட்டுக்கு எது வேண்டுமோ, அதைக் காகிதத்தில் எழுதிக் கொடு. நான் புறப்படும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும்."

கிராணிக்கு அங்கேயே கால் தரையில் பாவவில்லை. ஏனென்றால் எழுத வேண்டியது ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. ஒன்றல்ல, இருபத்தேழு.

அம்புரோஸுக்கு ரயில் பைத்தியம். நிஜ ரயில் அல்ல; நிஜ ரயிலைப் போலவே செய்த சின்ன ரயில். சின்னது என்றால் மேசை மேல் சுற்றி வரும் குழந்தை விளையாட்டுச் சாமான் என்று யாராவது நினைத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். இது பெரிய ஜாதி. தண்டவாளத்துக்கு நடுவே மூன்று விரலைத் தாராளமாக வைக்கலாம். இஞ்சின் மட்டுமே முழங்கை நீளம் இருக்கும். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜமாகவே நீராவி விட்டுக்கொண்டு தோட்டத்தில், வெயிலில், மழையில் ஓடும். துரை படித்துவிட்டுத் தூக்கிப் போடும் சீமைப் பத்திரிகைகளில் இவற்றின் படங்கள் வரும். அம்புரோஸ் அவற்றைப் பார்த்துப் பார்த்து, ஆபீசு நீளப் புத்தகத்தில் கட்டம் போட்டு ஒரு பட்டியல் எழுதியிருந்தார். வரிசை எண், இஞ்சின் பெயர், சக்கரம், நிறம், எரிபொருள், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். முதல் இடத்தில் இருந்த பச்சை எக்ஸ்பிரஸுக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் 'கம்பீரம்' என்று எழுதியிருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் கல்யாணப் பத்திரத்தைக்கூடத் தொலைத்தவர், அந்தப் பட்டியலை மட்டும் தொலைக்கவில்லை. வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு அதை எடுத்துத் திருத்துவார். ஒன்றை மேலே ஏற்றுவார், ஒன்றைக் கீழே இறக்குவார். இந்த உலகத்தில் அவர் பதவி உயர்வு கொடுக்கக்கூடிய ஒரே கூட்டம் அதுதான்.

துரை சொன்னதில் ஒரே ஒரு வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. 'உன் வீட்டுக்கு.' வீடு என்றால் மாடில்டா. மாடில்டாவுக்குப் பதினாலு வருஷமாக ஒரு தையல் மெஷின் மேல் ஆசை. வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் தையற்காரன் கடை வந்தால் மட்டும் அவள் நடை மெதுவாகிவிடும். இப்போதும் புதன்கிழமைதோறும் துரை பங்களாவுக்குப் போய், துரை மனைவியான மேமுடைய கவுன், திரைச்சீலை எல்லாவற்றையும் கையாலேயே தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

துரை கேட்டதைச் சொன்னால், அவள் மெஷின் என்பாள். சொல்லாமல் இஞ்சினை வரவழைத்தால், அதற்கப்புறம் பசியாற ஒன்றும் இருக்காது. பன்னிரண்டாம் நாள் காலையில் கிராணிக்கு ஒரு யோசனை உதித்தது. மாடில்டாவே தன் வாயால் 'ஒரு நல்ல இஞ்சின் வேண்டும்' என்று கேட்கும்படி செய்துவிட்டால்?

இந்த யோசனையை நினைத்து அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அன்றைக்கே கட்டிலுக்கு அடியில் புகுந்தார்.

"என்னாங்க அது, அடியில இருந்து இழுக்கிறீங்க?" மாடில்டா வாசற்படியில் வந்து நின்றாள்.

"தண்டவாளம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"எல்லாம் உனக்காகத்தான்."

பதினாலு வருஷத்தில் 'உனக்காகத்தான்' என்று ஆரம்பித்த எதுவும் அவளுக்காக முடிந்ததில்லை. மாடில்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரயில் வேணும்னு எப்பங்க கேட்டேன்?"

"நீ கேக்கல. ஆனா உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? பால் டின்ன என்ன பண்ற?"

அது நிஜமான கஷ்டம்தான். காட்டுக்குள் இருக்கும் கலகக்காரர்களுக்குச் சாமான் போய்விடக்கூடாது என்று அப்போதெல்லாம் கடையில் பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டை போட்ட டின் அன்றைக்கே தீர வேண்டும். பிள்ளைகள் இரண்டும் பயத்துக்காகக் கிள்ளானில் போர்டிங்கில் இருந்தன. வீட்டில் இரண்டே பேர். பாதி டின் வீணாகும். மூன்றாம் வீட்டு நல்லம்மாளுக்குக் கொடுக்கலாம் என்றால், அவள் ரப்பர் மரம் வெட்டப் போய், இறக்கிய மரப்பாலைக் கொண்டுபோய் ஊற்றி, குளித்துச் சமைத்து நிமிரும்போது ஆறு மணி அடித்துவிடும். ஆறு மணி அடித்தால் கர்பியு. குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு உள்ளேயே ஆனாலும் வீட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. மறுநாள் விடிகிற வரைக்கும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள்தான்.

"உனக்கும் நல்லம்மாவுக்கும் நடுவுல எத்தன அடி இருக்கு? எம்பது. நடு வீடு காலி. நம்ம பின்கட்டுப் படியில இருந்து அவ பின்கட்டுப் படி வரைக்கும் ரயில் விட்டுட்டா, நீ இங்க உக்காந்துக்கிட்டே அனுப்பலாம். அவ அங்க உக்காந்துக்கிட்டே எடுத்துக்கலாம்."

"என் கத்திரிச் செடி?"

"செடிய சுத்திப் போகும். வளைவு இருந்தாத்தான் ரயிலுக்கே அழகு."

மாடில்டா தண்டவாளத்தைப் பார்த்தாள். ரப்பர் ஷீட் பெட்டிகளைக் கட்டி வரும் இரும்புப் பட்டைகளை வெட்டி, ரப்பர் மரக் கட்டைகளில் பதித்து, ஒன்பது வருஷமாக அவர் செய்து அடுக்கியது. அவரைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டடை.

"செடியில ஒரு இல விழுந்தாலும் ரயிலு அடுப்புக்குள்ள ஓடும்," என்றாள். அதுதான் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை பாதை போட்டாயிற்று. இஞ்சின் ஒன்று அவரிடம் இருந்தது. ஊருக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் சாமான்களை லேலோங் விட்டபோது ஏலத்தில் எடுத்தது. நீராவி கிடையாது, பட்டியலிலும் கிடையாது. கடிகாரம் மாதிரி உள்ளே ஸ்பிரிங். சாவி கொடுத்தால் ஓடும், விசையைத் தள்ளினால் பின்னோக்கி ஓடும். அதன் பின்னால் அவரே பலகையில் செய்த நாலு சாமான் வண்டிகள். நல்லம்மாளுக்குச் சாவி கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம்தான் ஆனது.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு, வெயில் இன்னும் முழுசாகச் சாயாத நேரத்தில், முதல் வண்டி அரை டின் பாலோடு புறப்பட்டது. கத்திரிச் செடியைச் சுற்றிக்கொண்டு, காலி வீட்டின் பின்கட்டைத் தாண்டிக் கடகடவென்று போனது.

"அக்கா, வந்துருச்சு," என்று மூன்றாம் வீட்டிலிருந்து குரல் வந்தது. நல்லம்மாள் குரல் கொடுத்தால் எங்கோ தொலைவில் செகிஞ்சான் நெல்வயலில் கொக்கு எழும்பும்.

திரும்பி வந்த வண்டியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் இருந்தன. மாடில்டா குனிந்து அவற்றை எடுத்தாள். எடுத்துவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகளை போர்டிங்கில் விட்ட நாளிலிருந்து சாயங்கால நேரத்தில் அவள் சிரித்து அம்புரோஸ் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு நிமிஷம் தம்முடைய திட்டமே மறந்துபோயிற்று.

புதன்கிழமை சட்டம் குறுக்கிட்டது. நல்லம்மாளின் புருஷன் இருசப்பன்தான் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர். தோட்டக் காவல் படைக்கும் அவர்தான் தலைவர். கர்பியு நேரத்தில் கையில் துப்பாக்கியோடு சுற்றி வர அவர் ஒருவருக்குத்தான் உரிமை. காலி வீட்டுப் பின்கட்டில் ஏதோ ஊர்வதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"நில்."

ரயில் நிற்கவில்லை. சாவி தீர்ந்தால்தான் அது நிற்கும். மண்டோர் அதற்குப் பக்கத்திலேயே நடந்து அம்புரோஸ் வீட்டுப் படிக்கு வந்து சேர்ந்தார்.

"கிராணியாரே, என்னா இது, கர்பியு நேரத்துல?"

"ரயில், மண்டோர்."

"அது தெரியுது லா. இதுக்குப் பர்மிட் இருக்கா?"

"ஆள் வெளிய வரக்கூடாதுன்னுதானே உத்தரவு. இதுல ஆள் எங்க இருக்கு?"

இருசப்பன் குனிந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். ஆள் இல்லை. "வேலிக்கு வெளிய போவுதா?" என்றார்.

"வேலிக்குள்ளதான். உங்க வீட்டோட சரி."

"நமக்கு சூசா, தொந்தரவு வந்துறக் கூடாது பாருங்க."

"வராது. அடுத்த வண்டியில உங்களுக்கு வெத்தல பொகையில அனுப்பணும்னு மாடில்டா எடுத்து வச்சிருக்கா."

மண்டோர் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டார். "அப்ப நான் வீட்டுக்குப் போய் நிக்கிறேன். அனுப்புங்க," என்று சட்டம் ஒதுங்கிக்கொண்டது.

எல்லாம் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. இனி இஞ்சின் திணற வேண்டும். அம்புரோஸ் பாரத்தை ஏற்றிவிட ஆரம்பித்தார். "அந்த உறைமோரக் கிண்ணத்துல எதுக்கு அனுப்புற, செம்புல அனுப்பு." "தோச மாவு இருக்கில்ல, அவளுக்கும் கொஞ்சம் குடு." "புளி கேட்டாளா? உருண்டையா அனுப்பு." மாடில்டா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அனுப்பினாள். இஞ்சினோ அத்தனையையும் இழுத்துக்கொண்டு ஓடியது. ஏலத்தில் எடுத்த சாமான் இவ்வளவு நன்றாக உழைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துரை புறப்பட ஐந்து நாள்தான் இருந்தது.

பங்குனி உத்திரம் வந்து காப்பாற்றியது. நல்லம்மாள் பித்தளைத் தூக்கு நிறையப் பாயாசம் வைத்து அனுப்பினாள். வண்டி காலி வீட்டுப் பின்கட்டுக்கு நடுவே வந்தது. 'டங்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றாள் மாடில்டா.

"ஸ்பிரிங் போச்சு." அம்புரோஸ் குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார்.

இங்கிருந்து நாற்பதடி, அங்கிருந்து நாற்பதடி. இரண்டு வீட்டுப் படியிலும் இரண்டு பெண்கள் நின்று பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் போக முடியாது. சற்று நேரத்தில் இருசப்பன் ரோந்து வந்தார். தூக்கைத் திறந்தார், முகர்ந்தார், பாதுகாப்பு கருதி அங்கேயே நின்று முழுவதையும் குடித்தார். குடித்து முடித்து மூடியை மூடி வைத்துவிட்டு, "அடுத்த தடவ ஏலக்கா கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா," என்றார் அம்புரோஸ். "இதுக்குத்தான் நல்ல இஞ்சின் வேணும்ங்கிறது."

"ஆமாங்க. நல்லதா ஒன்னு இருந்தா தேவல," என்றாள் மாடில்டா.

அம்புரோஸுக்குக் காதில் பூசை மணி அடித்தது. சொல்லிவிட்டாள். தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். அவர் உள்ளே ஓடி நீளப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"மாடில்டா, இப்படி உக்காரு. துரை சீமையில இருந்து ஒரு சாமான் கொண்டாந்து தரேன்னு சொல்லியிருக்காரு."

"அப்படியா? எப்ப சொன்னாரு?"

"இன்னைக்குத்தான்."

"ஓ, இன்னைக்கா," என்றாள் மாடில்டா. மேமுடைய திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். "படிங்க, கேக்குறேன்."

"நம்பர் ஒன்னு. பச்சைக் கலர் எக்ஸ்பிரஸ். முன்னால நாலு சின்னச் சக்கரம், நடுவுல ஆறு பெரிய சக்கரம், பின்னால ரெண்டு."

"பன்னெண்டு காலு. பூரானுக்குக் கொஞ்சம் கம்மி."

"நம்பர் ரெண்டு. இதுவும் எக்ஸ்பிரஸ், நீலம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுக்குப் பொகபோக்கி கொஞ்சம் குட்ட."

"பாவம்."

"நம்பர் ஒம்பது, இது முந்தி அஞ்சாவது எடத்துல இருந்துச்சு. எறக்கிட்டேன்."

"ஏன், என்ன தப்பு பண்ணுச்சு?"

"விசில் சத்தம் சரியில்லைன்னு பத்திரிகையில ஒருத்தர் எழுதியிருந்தாரு."

"நீங்க காதால கேட்டீங்களா?"

"இல்ல."

"யாரோ சொன்னாங்கன்னு எறக்கிட்டீங்களா? நல்ல நியாயம்."

அம்புரோஸ் கொஞ்சம் யோசித்தார். ஒன்பதாம் நம்பருக்கு அநியாயம் நடந்துவிட்டதாகத்தான் தோன்றியது. ஆனாலும் நிறுத்தாமல் படித்தார். மாடில்டா ஒவ்வொன்றுக்கும் ஏதாவது கேட்டாள். சிவப்பு இஞ்சின் வெயிலில் வெளுக்குமா? மூன்று விளக்கு எதற்கு, ஒன்று போதாதா? இருபத்தேழாவதுக்கு வந்தபோது அவர் புத்தகத்தை மூடப் போனார்.

"அது என்னங்க, கடைசியில கருப்பா, குண்டா ஒன்னு?"

"ஷண்டிங் இஞ்சின். ஸ்டேஷனுக்குள்ளேயே கூட்சு வண்டிகள இங்கயும் அங்கயும் தள்ளும். அது சும்மா, எண்ணிக்கைக்குப் போட்டது." குறிப்புக் கட்டத்திலும் 'எண்ணிக்கைக்கு' என்றுதான் இருந்தது.

"நம்ம மண்டோர் சாயல் இருக்கு," என்றாள் மாடில்டா. பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "நம்பர் ஒன்னையே எழுதிக் குடுங்க," என்றாள்.

அம்புரோஸ் திகைத்துப்போனார். எதிர்ப்புக்கு என்று அவர் பதினெட்டுப் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். அத்தனைக்கும் வேலையில்லாமல் போயிற்று.

"நெசமாவா?"

"உங்களுக்கு அதுதானே ஆச. அந்தப் பக்கத்துலதான் கைபட்ட அழுக்கு ரொம்ப இருக்கு." அவள் தலை நிமிரவில்லை. "எனக்கு ஒன்னும் வேணாங்க. பத்து வெரலு இருக்கு, போதும்."

அப்படிச் சொல்லும்போது ஊசி குத்திவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். மெஷின் என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் வீடு முழுக்க அந்தச் சொல்தான் நின்றுகொண்டிருந்தது.

வியாழக்கிழமை ஆபீசில் கிராணி வெள்ளைக் காகிதத்தை எடுத்து வைத்தார். 'பச்சை' என்று எழுதினார். ஜப்பான்காரன் காலம் ஞாபகத்துக்கு வந்தது. உடுத்தத் துணி கிடைக்காத அந்த நாளில், மாடில்டா தன் கல்யாணப் புடவையை வெட்டி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கையால்தான். முழங்கைப் பக்கத்தில் சரிகை வந்து விழுந்துவிட்டது. அந்தச் சட்டையோடு ஆபீசுக்கு வந்த முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருஷம் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் மானத்தோடு நடமாடினார்.

காகிதத்தைக் கிழித்துப் போட்டார். இன்னொன்றை எடுத்தார். 'கைத் தையல் மெஷின் ஒன்று' என்று எழுதி, யோசிக்க இடம் கொடுக்காமல் உறையில் போட்டு ஒட்டி, துரையின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். கண் கொஞ்சம் கலங்கியது. அது சொந்தத் தியாகத்தைப் பார்த்து வந்த கலக்கம்.

"எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்றாள் மாடில்டா.

"குடுத்துட்டேன்."

"நம்பர் ஒன்னுதானே?"

"ஆமா." வரும்போது தெரியட்டும், மயங்கி விழட்டும் என்று நினைத்துக்கொண்டார். மாடில்டா அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆறு மாதமும் அம்புரோஸ் ஒரு தியாகியாக வாழ்ந்தார். குழம்பில் உப்புக் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். யாராவது திட்டினாலும் மெல்லப் புன்னகை செய்தார். பாதையைப் பெயர்த்துவிடலாமா என்று அவர் கேட்டபோது, "கெடக்கட்டுங்க, செடிக்கு என்ன தொந்தரவு," என்று மாடில்டா சொல்லிவிட்டாள். என் மனசு நோகக்கூடாது என்று பார்க்கிறாள் என்று உருகிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நல்லம்மாளும் பழைய பேப்பரில் எதையெதையோ வெட்டி வெட்டி அளந்துகொண்டிருந்தார்கள். உடைந்த ஸ்பிரிங்கை மட்டும் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அவர் வீடு முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது துரை திரும்பி வந்தார். மறுநாள் மத்தியானம் தோட்டத்து லோரி கிராணி வீட்டு வாசலில் இரண்டு மரப்பெட்டிகளையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் இறக்கிவிட்டுப் போனது.

இரண்டு பெட்டி எதற்கு என்று அம்புரோஸுக்குப் புரியவில்லை. இருந்தாலும் ஆறு மாதமாக மனப்பாடம் செய்த பேச்சை ஆரம்பித்தார்.

"மாடில்டா, நான் ஒன்னு சொல்லணும். அன்னைக்கு நான் இஞ்சின்னு எழுதல."

"தெரியுங்க. பெட்டியத் தொறங்க."

முதல் பெட்டிக்குள் கறுப்பு உடம்பில் தங்கப் பூ வரைந்த தையல் மெஷின் பளபளத்தது. மாடில்டா மயங்கி விழவில்லை. இரண்டாவது பெட்டியைக் காட்டி, "அதையுந்தான்," என்றாள். அதிலும் தையல் மெஷின். பூவில் ஒரு இதழ்கூட வித்தியாசம் இல்லை.

"ரெண்டா?"

"ஒன்னு மேம் எனக்குன்னு குடுத்தது. துரை உங்களக் கேட்ட அன்னைக்கே மேம் என்னையும் கேட்டுட்டாங்க. நான் மெஷின்னு சொல்லிட்டேன்."

"அப்ப துரை என்னையக் கேட்டது உனக்கு..."

"அன்னைக்கே தெரியும். ஒங்க வாயில இருந்து வருதான்னு மூணு வாரம் பாத்தேன். அப்புறம் வந்துச்சே, 'இன்னைக்குத்தான் சொன்னாரு'ன்னு."

அம்புரோஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இந்த ரெண்டாவது?"

"நல்லம்மாவுக்கு. தோட்டம் பூரா தீபாவளித் துணி இருக்கு, அது முடிஞ்சா கிறிஸ்மஸ் துணி. ஒரு மெஷின்ல ஆவுமா? அவ ஒடம்பு தைப்பா, நான் கையும் கழுத்தும் வெப்பேன்னு பேசிக்கிட்டோம். இஸ்திரிப் பெட்டி மட்டும் ரெண்டு வீட்டுக்கும் ஒன்னுதான். ஆனா அவளுக்கு வெட்டு முடிஞ்சு ஒழியிற நேரம் கர்பியு. துணிய எப்படி அங்கிட்டும் இங்கிட்டும் அனுப்புறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தோம். நல்ல வேளையா நீங்க ரயிலு விட்டீங்க."

"நான் பச்சை எக்ஸ்பிரஸ்னு எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"எழுத மாட்டீங்க," என்றாள் மாடில்டா. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அவர் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். பதினாலு வருஷத்தில் அவரை இவ்வளவு உயர்வாக யாரும் பேசியதில்லை; கோபப்படவும் முடியவில்லை.

சின்னப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள். மேலே 'அம்புரோஸ்' என்று மேமுடைய கையெழுத்து. துரை பெரிய மனுஷர். இஞ்சின் இல்லாவிட்டால் என்ன, ஒரு சின்ன வண்டியாவது, ஒரு விசிலாவது அனுப்பியிருக்க மாட்டாரா? நூலை அவிழ்த்தார். பழுப்புக் காகிதத்துக்குள் எண்ணெய்க் காகிதம், எண்ணெய்க் காகிதத்துக்குள் சுருள் சுருளாக ஒரு புது ஸ்பிரிங். கூடவே, அவர் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பழைய ஸ்பிரிங்.

"அளவுக்கு வேணும்னு மேம்கிட்ட குடுத்து விட்டேன். சீக்கிரம் மாட்டுங்க. ஆறர வண்டியில பதினெட்டு ரவிக்கைக்கு வெட்டி வெச்ச ஒடம்புத் துணி போவணும்."

மாட்டினார். ஆறரைக்கு வண்டி ஓடியது. துணி பாரமே தெரியவில்லை, இஞ்சின் பறந்தது. அம்புரோஸ் படியில் உட்கார்ந்து சாவி கொடுத்தார். பக்கத்தில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கடகடப்பும் சேர்ந்து கேட்கும்போது, இழந்தது அப்படி ஒன்றும் பெரிதில்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மாடில்டா மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தப் பட்டியல் எங்க? கருப்பா, குண்டா ஒன்னு இருந்துச்சே. நல்லா இழுக்குமா?"

"இழுக்குமாவா? அந்தப் பட்டியல்லேயே அதுதான் பலசாலி."

"துரை அடுத்த லீவுக்கு எப்பப் போவாரு?"

அம்புரோஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புத்தகத்தை ஓடிப்போய் எடுத்து வந்தார். பச்சை எக்ஸ்பிரஸை இரண்டாவது இடத்துக்கு இறக்கிவிட்டு, இருபத்தேழாவதை முதல் இடத்துக்கு ஏற்றினார். 'எண்ணிக்கைக்கு' என்பதை அடித்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் என்ன போடலாம் என்று சிவப்பு மைப் பேனாவோடு மாடில்டாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

'இஸ்திரிப் பெட்டி இழுக்கும்.'